மூன்று முறை கழுவினால் போதும்

கொல்லிமலையில் நான் வேலை பார்த்த சங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்தபோது, அவருக்குப் பூமாலை வாங்கிவந்தவள் நான்தான். இன்று நினைத்தாலும் என் மீதே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அறுபதுகளின் நடுவில் மலைக்குப் பூச்சிமருந்து ஏறத் தொடங்கியிருந்தது. அதனால் மனிதர்களுக்குக் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்ள அடிவாரத்து டாக்டர் ஒருவர் தொடங்கிய சிறிய சங்கம் அது. மருந்தை வெறுங்கையால் கலக்காதீர்கள், காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வது என் வேலை. பெரிய தலைவலி காலி டின்கள்தான். கூழோ தண்ணீரோ ஊற்றிவைக்க வாகாக, பளபளவென்று மூடியோடு இருக்கும் டின்னை எந்தப் பெண் தூக்கி எறிவாள்? டாக்டர் ஒரு வழி செய்தார். காலி டின்னைக் கொடுத்தால், காட்டுக்குக் கூழ் கொண்டுபோக ஓர் அலுமினியத் தூக்குப்போசி கிடைக்கும். வாங்கிய டின்களை நசுக்கிக் குழியில் புதைத்துவிடுவோம்.

டாக்டர் உடம்புக்கு முடியாமல் விலகினார். மருந்துக் கம்பெனியில் விற்பனை மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரைக் கமிட்டி தலைவராக்கியது. மருந்தைப் பற்றித் தெரிந்தவர் வருகிறார் என்று எனக்கும் சந்தோஷம்தான்.

வந்த மாதமே தூக்குப்போசி கொடுப்பதை நிறுத்தினார்.

"ஜனங்களைப் பயமுறுத்தவா சங்கம் இருக்கு? டின்னை மூணு முறை கழுவினாப் போதும்னு எழுதி ஒட்டுங்கம்மா."

"டாக்டர் அப்படிச் சொல்லலீங்களே."

"இப்ப யார் தலைவர்?"

எழுதினேன். பெரிய எழுத்தில், என் கையாலேயே எழுதினேன். மலையின் ஒரு பகுதியான ஆலத்தூர் நாட்டில் ஒவ்வொரு ஊராகப் போய், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தும் காட்டினேன்.

சில மாதங்கள் கழித்து, காட்டில் கூழ் குடித்த ஒருவர் வாயில் நுரை தள்ளி விழுந்துவிட்டார் என்றும், டோலி கட்டி அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு இறக்கியிருக்கிறார்கள் என்றும் தெரியவந்தது. ஓடினேன். அவருடைய மனைவி வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். முதல் நாளே கூழைக் கரைத்து மருந்து டின்னில் ஊற்றி வைத்து, காலையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

"மூணு தடவ கழுவச் சொன்னீங்க. நான் நாலு தடவ கழுவுனனுங்க. சாம்பல் போட்டுத் தேச்சனுங்க. இன்னும் எப்படிக் கழுவோணுமுங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நேராகச் சங்க ஆபீசுக்குப் போனேன். தலைவர் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சரியாக் கழுவியிருக்க மாட்டா. மலைக்காரங்கதானே," என்றார், பேப்பரைக் கீழே இறக்காமல்.

"உங்க ஊட்டம்மா அந்த டின்னுல சோறு கட்டிக் கொடுத்தா சாப்பிடுவீங்களா?"

நான் அவ்வளவு சத்தமாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. "வெளியே போங்க," என்று எழுந்து நின்று கத்தினார்.

அந்த வாரச் சந்தையில், பலாப்பழம் இறக்கும் இடத்தில் நின்று சொன்னேன்: "நான் படிச்சுக் காட்டுனது தப்புங்க. டின்னு மடிப்புக்குள்ள மருந்து தங்கிக்கும். எத்தன தடவ கழுவுனாலும் போகாது. யாரும் பொழங்காதீங்க."

மிளகு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார்: "ஏனுங்க, அன்னைக்கும் நீங்கதான் சொன்னீங்க, இன்னைக்கும் நீங்கதான் சொல்றீங்க. எதைத்தானுங்க நம்பறது?"

ஊர் ஊராகப் போய் என் எழுத்தை நானே கிழித்தேன். சில பெண்கள் டின்னைக் கொடுத்தார்கள். பலர் "தூக்குப்போசி எங்கீங்க?" என்றார்கள். என் வீட்டில் இருந்த இரண்டைக் கொடுத்தேன். அதோடு தீர்ந்தது. அதற்குள் என்னை நீக்கிக் கடிதம் வந்துவிட்டது. கமிட்டியில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அந்த மேனேஜர் அதன் பிறகும் பல வருடம் தலைவராக இருந்தார். கூட்டங்களில் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார்.

கூழ் குடித்தவர் பிழைத்தார். ஆனால் கால்கள் தேறவில்லை. அவர் வரப்பில் உட்கார்ந்திருக்க, மனைவி மட்டும் தனியாகச் சரிவில் கொத்திக்கொண்டிருப்பாள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இப்போதும் எரிகிறது.