இரண்டு என்று எழுதினேன்

மருத்துவப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் சில ஆண்டுகள், பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் இலவச மையத்தில் குழந்தைகளைப் பார்த்துவந்தேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்து, ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஓர் எண் போட வேண்டும். நான்கு என்றால் மாற்றமில்லை. இரண்டு என்றால் நல்ல முன்னேற்றம். இரண்டு வாங்கிய பிள்ளை, பேச்சுப் பயிற்சி இடத்தைக் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்கு விட்டுவிட வேண்டும்.

கிள்ளானிலிருந்து ஒரு தாய் தன் ஆறு வயது மகளோடு ரயிலில் வருவார். முதல்முறை அந்தப் பிள்ளையிடம் மலாயில் பேசி, மேசைமேல் இருந்த பந்தைக் கேட்டேன். சோதனைப் படிவத்தில் கேள்விகள் அப்படித்தான் இருந்தன. அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. அடுத்தமுறை, பழகிய குடும்பம் என்ற உரிமையில் தமிழில் கூப்பிட்டேன். திரும்பினாள். பந்தைக் கேட்டேன். என் கையில் வைத்தாள்.

பெருமையோடு இரண்டு என்று எழுதினேன்.

தாய் தயங்கினார். "டாக்டர், வீட்டுல இவ முன்னாடியே பந்து கொடுப்பா. அன்னிக்கு மலாய்ல கேட்டீங்க, இன்னிக்குத் தமிழ்ல கேக்கறீங்க. அதான்."

"பிள்ளை தேறினாலும் அம்மாவுக்குக் கவலைதான்," என்று சிரித்தேன்.

அவர் சொன்னது சரி என்று அப்போதே எனக்குப் புரிந்தது. வெளியே அடுத்த குடும்பம் காத்திருந்தது. கையெழுத்துப் போட்டேன். அவள் இடம் இன்னொரு பிள்ளைக்குப் போனது.

என்னோடு அறையிலிருந்த பேச்சுப் பயிற்சியாளரும் தனியே ஓர் எண் போட வேண்டும் என்பது விதி. அவரும் இரண்டுதான் போட்டிருந்தார். பல மாதம் கழித்து ஒருநாள் தேநீர் குடிக்கும்போது சொன்னார்: "டாக்டர் மார்க் போட்டா எல்லாரும் பாஸ் லா. என்னைக் கேட்டா அந்தப் பொண்ணுக்கு நாலுதான்."

"ஏன் போடலை?"

"பெரியவர் போட்டதைப் பார்த்துட்டு, நான் எப்படி மாத்திப் போடறது?"

தாளில் எங்கள் இருவர் கருத்தும் அழகாக ஒத்துப்போயிருந்தது.

அன்றே தாயைத் தொலைபேசியில் அழைத்து, தவறு என்னுடையது, இடத்தைத் திரும்பக் கேட்கிறேன் என்றேன்.

"அங்க வந்துதான் இவ ரெண்டு வார்த்தை பேசப் பழகினா, டாக்டர். இப்ப அதையும் சொல்றதில்லை," என்றார். "அந்த இடத்துல இருக்கற பிள்ளையை எழுப்பிடாதீங்க. இவ பேரை மறுபடி எழுதிக்குங்க, போதும்."

காரணத்தை மறைக்காமல் மையத்துக்குக் கடிதம் எழுதினேன். எண்ணை ரத்து செய்தார்கள். அவள் பெயரை வரிசையின் கடைசியில் சேர்த்தார்கள்.