தேதி போடாத பேனர்

பேனர் கடைக்காரனுக்கு ஊரில் யார் வளர்கிறார், யார் தேய்கிறார் என்பது ஜோசியருக்கு முன்பே தெரிந்துவிடும். நீங்களும் கடை வைத்துப் பிழைக்கிறவராக இருந்தால் இது புதிதாக இருக்காது. ஆனாலும் வில்லியனூரில் நான் படும் பாட்டையும் கேளுங்கள்.

யார் பெரியவர்?

எங்கள் பக்கத்தில் 'அண்ணன்' என்றால் ஒருவர்தான். அவர்மேல் வழக்குகள் ஏராளம், சாட்சிகள்தான் இல்லை. அவருடைய பிறந்தநாளுக்கு நான் அடித்த முதல் பேனரில், முறைப்படி எம்.எல்.ஏ. படத்தைப் பெரிதாகவும் அவர் படத்தைச் சிறிதாகவும் வைத்தேன். அண்ணனின் ஆள் செல்வம் திரையைப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "எம்.எல்.ஏ.வ சின்னது பண்ணு தலைவா. அவரே ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

கீழ் வரிசை

அடுத்த வருடம் பேனரின் கீழ் வரிசையில், வாழ்த்துகிறவர்களாக, கடைத்தெருவே நின்றது. எல்லோரும் தாங்களாகவே படம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அண்ணனை நேரில் பார்த்தேயிராத ஹார்டுவேர் கடைக்காரரிடம், "உங்களுக்கு எதுக்கு சார் இந்த ஆசை?" என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை. "போன வருஷம் பழக்கடைக்காரன் போட்டோ குடுக்கல. காலையில வந்து பாத்தா கடையில ஷட்டரே இல்ல."

மடுகரை ஆறுமுகம்

மகள் கல்யாணத்துக்கு என்னிடம் பேனர் அடித்தவர் ஆறுமுகம். அவருடைய கரும்புக் கொல்லையை மனை போட அண்ணன் கேட்டார். இவர் முடியாது என்றுவிட்டார். ஒரு மத்தியானம் செல்வம் வந்து, அந்தக் கல்யாணப் பேனரிலிருந்து ஆறுமுகத்தை மட்டும் வெட்டி எடுத்து 'கண்ணீர் அஞ்சலி' போடச் சொன்னார். "இன்னாண்ணா, காலையிலகூட பாத்தேனே, நல்லாத்தான இருந்தாரு" என்றேன்.

செல்வம் டீயை ஊதி ஒரு வாய் குடித்தார். "நல்லாத்தான் இருக்காரு. தேதிய மட்டும் காலியா வுடு."

அதே படம்

அடித்துக் கொடுத்துவிட்டேன். ஆறுமுகத்திடம் சொல்லப் போனை எடுத்து எடுத்து வைத்தேன், பயத்தில் பேசவில்லை. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பத்து நாள் கழித்து அவரே வந்தார். கக்கத்தில் இருந்த பேனரை என் மேசைமேல் விரித்தார். கொல்லையில், மோட்டார் கொட்டகை வாசலில் கட்டியிருந்தார்களாம். மறுநாளே போய் கொல்லையை எழுதிக் கொடுத்துவிட்டாராம். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேனரில் இருந்த தன் முகத்தைத்தான் அவர் தடவிக்கொண்டிருந்தார். "படம் நல்லா வந்துருக்குபா. அண்ணன் பொறந்தநாளு பேனர்ல, கீழ் வரிசையில இதையே போட்டுடு."

இந்த வருடப் பேனரில் ஆறுமுகத்துக்குப் பக்கத்தில் என் படத்தையும் நானே ஒட்டிக்கொண்டேன், யாரும் கேட்காமலே.