பதினான்கு அடிக் கறுப்புத் தாள்

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்காரிக்கு நாங்கள் வைத்த பெயர் தொடைநடுங்கி. லிஃப்டில் தனியாக ஏறமாட்டாள். அழைப்பு மணி அடித்தால் முதலில் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். ஆனால் கையில் வெட்டுக்கத்தி வந்துவிட்டால் விரல் ஆடாது. ஓவியர் அம்மா அவளை வேலைக்கு எடுத்ததே அதனால்தான். தைரியசாலிகள் அவசரப்பட்டு வெட்டிக் கெடுத்துவிடுகிறார்களாம். அவர் தாளைப் பற்றி மட்டும்தான் சொன்னார் என்று நம்புகிறேன்.

ஓவியர் அம்மா கறுப்புத் தாளில் காடு வரைவார். கோட்டுக்கு வெளியே இருப்பதை இவள் வெட்டி எடுப்பாள். தூரத்தில் பூ, கிட்டே போனால் பூவுக்குள் பல். அறை முழுக்கத் தொங்கவிட்டுப் பின்னால் விளக்கைப் போட்டால், வருகிறவர்கள் முகத்தில் நிழல் ஊரும். மொத்தக் காடும் பதினான்கு அடி நீள ஒரே தாள். வெட்டாமல் விட்ட நூல் போன்ற தாள் காம்புகள்தான் எல்லாவற்றையும் பிடித்திருக்கும்.

கண்காட்சித் திறப்பு நாள் காலையில்தான் பார்த்தாள். கிளையில் தலைகீழாகத் தொங்கும் தாள்பெண்ணுக்கு இரண்டு காம்பு. ஒன்றைத் தவறுதலாக வெட்டியிருந்தாள். மற்றது பாரம் தாங்காமல் கிளைவரைக்கும் கிழிய ஆரம்பித்திருந்தது. கூட்டம் வந்து நாலு பேர் மூச்சு விட்டால் போதும், ஆறு மாத உழைப்பு தரைக்கு வந்துவிடும். கூடவே இவள் வேலையும்.

"பசை தடவி ஒட்டிடும்மா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் விளக்கு மாட்ட வந்திருந்த லைட்காரர்.

"ஈரம் பட்டா இன்னும் கிழியும்ணே."

"அப்ப நான் டீ குடிக்கப் போறேன். நான் எதையும் பாக்கல."

ஓவியர் அம்மாவின் போன் எடுக்கப்படவில்லை. வாசலில் ஆட்கள் சேரும் சத்தம் கேட்டது. ஏணி என்றாலே கால் கூசுகிறவள் ஏறினாள். பூக்களின் பற்கள் கழுத்தில் நிழலாக விழுந்தன. வாயால் மூச்சு விடாமல், மிச்சமிருந்த காம்பில் கத்தியை வைத்தாள். தாள்பெண் கைக்கு வந்தாள். கிழிசல் நின்றது.

இறங்கித் திரும்பினால் வாசலில் ஓவியர் அம்மா.

"அவ எங்க?"

"நான்தாம்மா வெட்டி எடுத்துட்டேன். விட்டிருந்தா காடே போயிருக்கும்."

"என்னக் கேக்காமலா?"

"போன் போட்டேம்மா. நீங்க எடுக்கல."

ஓவியர் அம்மா பெண் இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே இப்போது வெறும் வெளிச்சம், எதிர்ச்சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு. பிறகு இவளைப் பார்த்தார்: இடக்கையில் தாள்பெண்ணின் கழுத்து, வலக்கையில் கத்தி, முகமெல்லாம் பல்.

"அந்தக் கத்திய மொதல்ல கீழ வை," என்றார் மெதுவாக.

வைத்தாள்.

"நாளைக்கு எப்பவும்போல வேலைக்கு வந்துடு." சொல்லிவிட்டு, முதுகைச் சுவரில் உரசிக்கொண்டே, அவளைச் சுற்றி வெளியே போனார்.