இரவல் சங்கிலி

பிரிக்ஃபீல்ட்ஸ் போட்டோ கடையில் அத்தையின் முகத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டினார்கள். கருமாதிக்குச் சட்டம் போட்டு வைக்க வேறு படம் இல்லை. அடையாள அட்டையில் இருப்பது அத்தை மாதிரியே இல்லை. கல்யாணப் படம் எப்போதோ வெள்ளத்தில் ஊறிப் போய்விட்டது. மிஞ்சியது இது ஒன்றுதான். ரோஸ் நிறப் பட்டுச் சேலை, கழுத்தில் கனமான இரட்டை வடச் சங்கிலி, முகம் கொள்ளாத சிரிப்பு. "சங்கிலி மட்டும் அவங்களோடது இல்ல" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். கடைக்காரர் மவுஸில் கை வைத்தபடியே, "எடுத்துடலாம்க்கா, ஈசிதான். எடுத்துடவா?" என்றார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. எஸ்டேட் வேலை போன பிறகு, டெங்கில் பக்கம் ஒரு தாழ்வான நிலத்தை வருடக் குத்தகைக்கு எடுத்து, மாமாவும் அவரும் வெண்டை, கத்தரி, பாகற்காய் போட்டார்கள். மாமா இறந்தும் அத்தை நிலத்தை விடவில்லை. பிள்ளைகள் இல்லை, வேறு பிழைப்பும் தெரியாது. மண் நல்ல மண்தான். பெருமழை பெய்தால் மட்டும் தண்ணீர் வடிய வழியில்லாமல் வேர் அழுகிவிடும். அந்த வருடத்து உழைப்பு அதோடு சரி.

அப்போதுதான், ஏதோ ஒரு குளிர் நாட்டின் உதவிப் பணத்தில் சிறு விவசாயிகளின் வருமானத்தை உயர்த்தப் போகிறோம் என்று கிள்ளானிலிருந்து ஒரு சங்கம் வந்தது. முதலில் விதையும் சொட்டுநீர்க் குழாயும் கொடுத்தார்கள், வகுப்பெல்லாம் நடத்தினார்கள். அத்தைக்கு வேண்டியது அடுத்த கட்டத்தில் இருந்தது. வடிகாலை ஆழமாக வெட்டி, தண்ணீர் இறைக்க ஒரு பம்பு வைத்துத் தருவார்கள். ஆனால் பணம் தருகிற நாட்டுக்காரர்கள் நேரில் வந்து பார்த்து, தேவைதான் என்று சொல்ல வேண்டும்.

சங்கத்து அதிகாரி ரவாங் ஊர்க்காரர், நம் பிள்ளைதான். அவர்கள் வருவதற்கு முந்தின நாளே வந்து தலைபாடாக அடித்துக்கொண்டார். "ஆன்டி, எப்பவும் போல இருங்க. தோட்டத்து சட்டையோட நின்னா போதும். சமையல்லாம் வேணாம்." அத்தைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வீட்டுக்கு வர்றவங்க முன்னாடி கிழிஞ்ச சட்டையோட நின்னு பஞ்சப்பாட்டு பாடச் சொல்றீங்களா தம்பி? நமக்கு நல்லது செய்யறவங்க லா அவங்க. ஒரு வாய் சோறு போடாம அனுப்பிட்டு, நாளைக்கு யாரு மூஞ்சில முழிக்கிறது?"

மறுநாள் அங்கே ஒரு கல்யாண வீடே நடந்தது. பக்கத்துக் குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. வாசலில் மாவிலைத் தோரணம், வாடகைக் கூடாரம், வாழையிலை, கோழிப் பிரட்டல், நண்டு, பாயாசம். உதவிக்கு லீவு போட்டுப் போயிருந்த நான் வெங்காயம் உரித்துக் கண் சிவந்து கிடந்தேன். மாமா போனதிலிருந்து அத்தையின் கழுத்து வெறுமையாகவே இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தன் சங்கிலியைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டார்.

வந்தவர்களில் மூத்தவரான வெள்ளைக்கார அம்மா கையால் பிசைந்து சாப்பிட்டார். எல்லாருக்கும் அவரைப் பிடித்துப்போனது. இன்னும் என்ன தேவை என்று அதிகாரி மூலமாகக் கேட்டார். அத்தை கை கூப்பி, "உங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லம்மா. இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோங்க" என்றார். அதிகாரி தவித்துப்போய், வடிகாலைப் பற்றித் தானே விளக்கினார். அந்த அம்மா தலையசைத்துக் கேட்டார்; கண் மட்டும் கூடாரத்திலிருந்து இலைக்கும், இலையிலிருந்து சங்கிலிக்கும் போய்க்கொண்டிருந்தது. கிளம்பும்போது அவர்தான் இந்தப் படத்தை எடுத்தார். வேன் திரும்பியதும் அத்தை முதல் வேலையாகச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பாத்திரம் கழுவ உட்கார்ந்தார்.

சில வாரம் கழித்து அதிகாரி வந்தார். நான் ஞாயிற்றுக்கிழமைக்காக அங்கே போயிருந்தேன். "ஆன்டி, அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம். அதான் பிரச்சனை" என்றார். இங்கே வருமானம் உயர்ந்துவிட்டது, இனிப் பணம் இதைவிட ஏழை நாட்டுக்குப் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டார்களாம். அவர்களுடைய வெளியீட்டின் அட்டையில் அத்தை சிரித்துக்கொண்டிருந்தார். அத்தை அதை வாங்கிப் பார்த்து, என்னிடம் வைத்துக்கொள்ளக் கொடுத்துவிட்டு, "சாப்பாடு பிடிச்சிருந்துச்சாமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வருடக் கடைசி மழையில் தோட்டம் முழுகியது. தண்ணீர் வீட்டுக்குள்ளும் வந்தது. அடுத்த வருடமும் அதே கதை. அதற்குமேல் குத்தகையைப் புதுப்பிக்க அத்தையிடம் ஒன்றுமில்லை. கிள்ளானில் ஒரு பிளாட்டுக்கு வந்து, தொழிற்சாலை கேன்டீனில் காய் நறுக்கப் போனார். லோரியில் வந்து இறங்கும் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து, முற்றல் என்று முணுமுணுப்பாராம்.

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டைப் பார்த்து ஒரு குடும்பத்தின் வருமானத்தை அளந்தவர்கள் மேல் பாதி, அத்தை மேல் பாதி. ஒருமுறை கேட்டேவிட்டேன்: "அன்னைக்கு பழைய சட்டையோட நின்னிருக்கலாம்ல அத்தை?" அவர் கோபப்படவில்லை. "நின்னிருந்தா பம்பு வந்திருக்கும்தான். ஆனா அந்தம்மா நம்மள என்னான்னு நெனச்சிட்டு போயிருக்கும்?" பிறகு, "பாயாசத்துல முந்திரிதான் கம்மியா போச்சு" என்றார்.

கடைக்காரரிடம், "இருக்கட்டும், எடுக்காதீங்க" என்று சொல்லிப் படத்தை வாங்கி வந்தேன்.

கருமாதிக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தார். அவரும் நிலத்தை விட்டுவிட்டு சாலாக் செலாத்தானில் மகளோடு இருக்கிறார். அவர் கழுத்தில் இப்போது மெல்லிய மஞ்சள் கயிறுதான் இருந்தது. படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். கேட்காமல் அவர் நகையை எடுத்து மாட்டிவிட்டது போல எனக்கு உடம்பு கூசியது. படத்துக்குப் போட்டிருந்த மாலை சங்கிலியைப் பாதி மறைத்திருந்தது. அக்கா கையை நீட்டி மாலையை மெதுவாக விலக்கி, சங்கிலி முழுதும் தெரியும்படி வைத்தார்.