நடுவில் நாலு விரல்

“வளைவு வருது, வால் பக்கம் நில்லு” என்று திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுப்பார் பல்தொமேரோ பிந்தோஸ். கால்பந்துக் கோலின் குறுக்கு விட்டத்தின் முன்முனை அவர் தோளில் இருக்கும். பின்முனையைச் சுமக்கிற ஆட்டக்காரன் இன்னும் முந்தின தெருவையே தாண்டியிருக்க மாட்டான். எதிரே வரும் டிராம் மணியடித்துப் பார்த்துவிட்டு நின்றுவிடும். ஓட்டுகிறவர் சாவகாசமாகச் சுருட்டைப் பற்றவைத்துக்கொள்வார். பூசை முடிந்து திரும்பும் பெண்கள், “சிலுவை போகுது, கும்பிட்டுக்குங்க” என்று கேலி பேசுவார்கள். மொந்தேவிதேயோவின் துறைமுகப் பேட்டையில் அவரை முழுப்பெயர் சொல்லி அழைப்பவர் கிடையாது. எல்லோருக்கும் அவர் தோன் பல்தோ. கேலிக்குப் பதிலாகத் தொப்பியை லேசாகத் தூக்கிவிட்டு நடப்பார். நான்கு கம்பங்களும் இன்னொரு விட்டமும் அவர் பின்னால் ஊர்வலமாக வரும்.

கம்பங்களை மைதானத்திலேயே விட்டுவிட்டு வந்தால் என்ன என்று புதிதாக வந்தவர்கள் கேட்பதுண்டு. விட்டால் திங்கட்கிழமை காலை யார் வீட்டு அடுப்பிலாவது அவை எரிந்துகொண்டிருக்கும். அங்கே குளிர்காலமான ஜூலை மாதத்துத் தென்மேற்குக் காற்றில் பிள்ளைகுட்டியோடு நடுங்குகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் பேட்டையின் கால்பந்துச் சங்கமான ஆங்க்லாவின் கோல்கள் வாரம் முழுவதும் பல்தோவின் பொறுப்பு. ஞாயிறு மதியம் நடுவார், ஆட்டம் முடிந்ததும் பிடுங்குவார், குழிகளைத் தகரம் போட்டு மூடுவார். உப்புக்கண்ட ஆலையின் மாடுகள் மேய்கிற இடம் அது. ஒரு மாடு காலை ஒடித்துக்கொண்டால் போதும், ஆலைக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவார்.

அவருடைய பிழைப்பு கலப்பத்து. படகுப் பலகைகளின் இடுக்கில் சணலை அடித்து இறக்கி, மேலே கொதிக்கும் தாரை ஊற்றுகிற வேலை. விரல் இடுக்குகளில் தார் ஏறி ஏறி, அவர் ரொட்டியைப் பிட்டாலும் அதில் கறுப்பாக ரேகை விழும். எதையும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார். மேசையைத் தட்டுவார், பூசணிக்காயைத் தட்டுவார், ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்த குழந்தையின் தலையைக்கூட ஒருமுறை தட்டிப் பார்த்துப் பாதிரியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆட்டம் நடக்கும்போது அவர் பந்தைப் பார்ப்பதே இல்லை. கோலுக்குப் பின்னால் கம்பத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, விட்டத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால், “மரம் பொய் சொல்லாது, நட்டவன்தான் சொல்லுவான்” என்பார். இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே இளவட்டங்கள் அவரை வருஷக்கணக்காக ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு விட்டங்களில் பழையது, உடைத்து விற்ற நார்வேக் கப்பல் ஒன்றின் பாய்மரத் துண்டு. அவரே வாய்ச்சியால் செதுக்கியது. கம்பங்களின் தலையில் உட்காருகிற முகத்தை மட்டும் தட்டையாக இழைத்திருந்தார், அதனால் அதை ஒரே வாட்டத்தில்தான் மாட்ட முடியும். வாரநாட்களில் அது அவர் குடியிருக்கும் ஒண்டுக்குடித்தன முற்றத்தில், சுவரில் அடித்த இரும்புத் தாங்கிகளின் மேல் படுத்திருக்கும்.

அதே முற்றத்தில் எதிர்வீட்டுக்காரி தொமாசா. மாலுமிகள் விடுதித் துணிகளை வெளுக்கிறவள். அவள் மூத்த மகனுக்குப் பல்தோதான் ஞானத்தகப்பன் என்பதால் இவர் அவளுக்கு ‘கொம்பாத்ரே’, அவள் இவருக்கு ‘கொமாத்ரே’. ஆங்க்லாவின் சட்டைகளையும் அவளேதான் காசு வாங்காமல் துவைத்துத் தந்தாள். போன குளிர்காலம் மழை நிற்காமல் பெய்தது. கொடியில் இடம் போதாமல், விடுதியின் கம்பளிப் போர்வைகளை அவள் அந்த விட்டத்தின் மேல் போட ஆரம்பித்தாள். அவர் பார்த்தார்; தடுக்கவில்லை. நம் சட்டையைத் துவைக்கிறவளுக்கு நம் மரத்தில் இடமில்லையா என்று நினைத்திருப்பார். தண்ணீர் குடித்த கம்பளி என்ன கனம் கனக்கும் என்று கப்பல் துறையில் தலை நரைத்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் கனத்தில் மரம் வளையும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

லீக்கின் முதல் பிரிவில் ஆங்க்லாவுக்கு அதுதான் முதல் பருவம். மூட்டை தூக்குகிறவர்களும் கலப்பத்துக்காரர்களும் சேர்ந்து, பல வருஷம் முட்டி மோதி மேலே ஏறியிருந்தார்கள். ஏறியது முதல் தோல்விதான். பட்ட காலிலே படும் என்பதுபோல ஒவ்வொரு ஞாயிறும் ஒரு அடி. ஆனாலும் அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில், நகரத்து வங்கிக் குமாஸ்தாக்களின் சங்கமான அவுரோராவோடு. தோற்காமல் இருந்தால் போதும், முதல் பிரிவில் நிலைத்துவிடலாம். தோற்றால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

அன்று மதியம் பல்தோ வழக்கம்போல் கம்பங்களை நட்டு, விட்டத்தை மாட்டி, அளவு மூங்கிலை இரண்டு கம்பங்களின் ஓரமும் நிறுத்திப் பார்த்தார். விட்டம் இருக்க வேண்டிய உயரத்துக்கு வெட்டிய மூங்கில் அது. இரண்டு பக்கமும் அதன் தலை விட்டத்தின் அடியைச் சரியாகத் தொட்டது. நாலடி பின்வாங்கிச் சிகரெட் பற்றவைத்தபோதுதான், ஆலையின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் அந்தப் பழைய விட்டம் நடுவில் தொப்பை போட்டிருப்பது கண்ணில் பட்டது. மாற்றுக் கட்டை இல்லை. ஜனம் வேலியைச் சுற்றி நிறைந்துவிட்டது. முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு பின்னால் போய் நின்றார். ஆனால் அன்றைக்குக் கம்பத்தில் கையை வைக்கவில்லை.

ஆட்டம் கோலே இல்லாமல் முடிகிற நேரம். அவுரோராவின் அணித்தலைவன் லிந்தோல்ஃபோ, மருந்துக்கடைக்காரன் மகன், தூரத்திலிருந்து ஓங்கி அடித்தான். கோல்காப்பாளன் அசையவேயில்லை. பந்து விட்டத்தின் நட்டநடுவில் இடித்து, தரையில் விழுந்து, வெளியே உருண்டது. ஆங்க்லாவின் பக்கம் சிலுவை போட்டுக்கொள்ளாத கை இல்லை. லிந்தோல்ஃபோ மட்டும் அங்கேயே நின்று அண்ணாந்து பார்த்தான். விட்டம் தாழ்ந்திருக்கிறது, அளக்க வேண்டும் என்றான். முதல் பாதியில் நாங்களும் இதே கட்டைக்குத்தானே அடித்தோம், அப்போது உன் வாய் எங்கே போயிற்று என்று வேலியிலிருந்து பதில் வந்தது.

லீக் வழக்கப்படி ஆட்டத்தை நடத்த ஆடாத ஒரு சங்கத்திலிருந்து ஆள் வருவார். அன்று வந்தவர் தந்தி ஆபீஸ் ஆங்கிலேயர் ஹார்க்னஸ். நட்டவரைக் கூப்பிடச் சொன்னார். பல்தோ மூங்கிலோடு வந்தார். இரண்டு தலைவர்களும் பார்க்க இடது கம்பத்தோரம் நிறுத்தினார், தொட்டது. வலது கம்பத்தோரம் நிறுத்தினார், தொட்டது. லீக்கில் அளப்பதென்றால் இவ்வளவுதான். நடுவில் யாரும் அளப்பதில்லை. ஹார்க்னஸ் ஊதலை உதட்டுக்குக் கொண்டுபோனவர், மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார்.

“முழுக்கச் சரியா இருக்கில்ல, தோன் பல்தோ? நீங்க சொன்னாப் போதும்.”

அவர் சொன்னால் போதும் என்பதுதான் வினையாகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டியதில்லை, தலையை ஆட்டினாலே முடிந்துவிடும். ஆங்க்லாவின் தலைவன் அன்செல்மோ, மூட்டை தூக்கித் தோள் காய்த்தவன், கண் கொட்டாமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பல்தோ கழுத்தைச் சொறிந்துகொண்டார். பிறகு விட்டத்தின் நடுப்பக்கத்துக்கு நடந்துபோய் மூங்கிலை நிமிர்த்தப் பார்த்தார். அது நிமிரவில்லை, சாய்ந்துதான் நின்றது. அதை விட்டத்தின் முன்பக்கம் ஒட்டி நிமிர்த்தி, விட்டத்தின் அடியைத் தாண்டி மேலே போன துண்டின் மேல் தன் தார்க் கையை வைத்துக் காட்டினார்.

“நாலு விரல்” என்றார்.

கோல் அளவு தப்பினால் அந்தக் கோலை நட்ட சங்கம் தோற்றது என்பது லீக் விதி. அவுரோராவுக்கு வெற்றி, ஆங்க்லாவுக்கு இரண்டாம் பிரிவு. யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. கம்பங்களைப் பிடுங்கும்போது கைகொடுக்க மட்டும் யாரும் வரவில்லை. ஒவ்வொன்றாக அவரே இழுத்து வந்து சேர்ப்பதற்குள் தெரு விளக்குகளை ஏற்றிவிட்டார்கள்.

கடைசியாக விட்டத்தை இழுத்து வந்த நடையில் அன்செல்மோ தெருமுனையில் நின்றிருந்தான்.

“ரெண்டு பக்கமும் சரியாத்தான இருந்துச்சு. நடுவுல எதுக்குப் போனீங்க?”

“கேட்டாருல்ல.”

“கேட்டா? ஒரு ‘ஆமா’ போட்டுட்டு வர வேண்டியதுதான?”

“படகு ஒழுகுமான்னு கேக்குறவன், அதுல ஏறப் போறவன்டா. அவன்கிட்ட ஆமா இல்லன்னு வாய்க்கு வந்தத எப்படிச் சொல்றது?”

அன்செல்மோ திரும்பி நடந்தான். விட்டத்தின் பின்முனையைத் தூக்கவில்லை.

செதுக்கும்போது என் கண்தான் தப்பிவிட்டது என்று பல்தோ எல்லோரிடமும் சொன்னார். ஊரும் அதை நம்பியது. கலப்பத்துக்காரனுக்குக் கண் மங்கிவிட்டது என்று ஒரு பேச்சு கிளம்பினால் அது துறைமுகத்தில் நிற்காமல் சுற்றும். மேஸ்திரிகள் நல்ல படகுகளை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீன்பிடித் தோணிகளை இவர் தலையில் கட்டினார்கள். “மரம் பொய் சொல்லாதாம்ல” என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது. அவருக்கு அது வலித்தது. இரண்டு ஞாயிறு மாத்தே இலைத் தேநீர்கூடப் போட்டுக் குடிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்.

தொமாசாவுக்குக் கண் மங்கவில்லை. விட்டத்தின் முதுகில் சோப்பு நீர் வெளுத்திருந்ததையும், அதற்கு நேர் கீழே மரம் தொய்ந்திருந்ததையும் அவள் ஒருநாள் தடவிப் பார்த்தாள். என் போர்வைதானே என்று கேட்டாள். கடல் காற்று ஈரம், நார்வே மரத்துக்கு நம்ம ஊர் ஒத்துக்காது என்றார். மைதானத்தில் ஹார்க்னஸிடம் ஒரு பொய் சொல்ல வராத மனுஷன், அவளிடம் யோசிக்காமல் சரளமாகச் சொன்னார். அவள் நம்பினது மாதிரிப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து ஈரத்துணிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறத் தொடங்கினாள். அவளுக்கு முழங்கால் வீக்கம். ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை கைப்பிடியைப் பற்றி நிற்கிற சத்தம் இவர் அறைக்குள் கேட்கும். கோடை முழுவதும் கேட்டது.

போன வாரம் அன்செல்மோ வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஏப்ரலில் இரண்டாம் பிரிவு ஆட்டம் தொடங்குகிறது, அதற்குள் விட்டம் நேராகாவிட்டால் கம்பங்களை வேறு வீட்டில் வைப்பதென்று சங்கத்தில் முடிவாகிவிட்டது என்றான். தலையைக் குனிந்துகொண்டு, “நான் மட்டும் வேணாம்னு சொன்னேன், தோன் பல்தோ” என்றான். அவர் தலையசைத்தார். பெண்டாட்டி பிள்ளை என்று யாருமில்லாத அவர் வீட்டில், அந்தக் கம்பங்கள் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு வேலையே இல்லை.

நேற்றுக் காலை அவர் விட்டத்தைத் தாங்கியிலிருந்து தனியாகவே இறக்கினார். இறக்கி, புரட்டி, தட்டை முகம் மேலே வர, தொப்பை வானத்தைப் பார்க்கிற மாதிரித் திரும்ப ஏற்றினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாட்டில் பார்த்தார். நடுவில் இருமுறை தட்டினார். அந்த நேரம் தொமாசா கூடையோடு படிக்கட்டைப் பார்த்து வந்தாள். அவர் குறுக்கே போய் நின்றுகொண்டார்.

“கூடைய இறக்குங்க, கொமாத்ரே.”

“வேணாம் கொம்பாத்ரே, வழிய விடுங்க. ஒரு தடவ பட்டது போதும்.”

அவர் நகரவில்லை. அவள் அவரைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். விட்டம் தொப்பை மேலே வரப் புரண்டு கிடந்தது.

“அப்ப என் போர்வதான்” என்றாள்.

பல்தோ கூடையை வாங்கிக் கீழே வைத்தார். குனிந்து, கூடையின் அடியில் கிடந்த கம்பளிகளில் இருப்பதிலேயே கனமானதைப் பிழியாமல் அப்படியே உருவி எடுத்தார். சட்டையெல்லாம் நனைய அதைத் தூக்கிப்போய் விட்டத்தின் நட்டநடுவில், தொப்பையின் மேலேயே விரித்துப் போட்டுவிட்டு, அடுத்ததுக்காக அவள் பக்கம் கையை நீட்டினார்.