நடக்கும் மேசைக்கு ஒரு பிரேக்

ஓய்வு பெறும்வரை பேருந்து ஓட்டியவர் அவர். பயணி கையிலிருக்கும் டீ சிந்தாமல் வண்டியை நிறுத்துவார் என்பதால் தெருவில் அவருக்குப் பெயரே 'பிரேக்'. அப்பேர்ப்பட்டவர் செய்த மேசை ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

பழைய கதவைப் படுக்கவைத்து, உடைந்த கட்டிலின் கால்களை முட்டுக்கொடுத்து, தச்சு வேலைக்கென்று அவரே உருவாக்கிய மேசை. பார்க்க யானை மாதிரி. ஆனால் பலகையை வைத்து இழைப்புளியை ஒரு தள்ளு தள்ளினால் ஆட்டுக்குட்டி மாதிரி நழுவியது. மேட்டில் நிறுத்திய வண்டிக்குக் கல் வைத்த பழக்கத்தில் நான்கு கால்களுக்கும் செங்கல் வைத்தார். வழவழவென்ற டைல்ஸ் தரையில் செங்கற்களும் கூடவே கிளம்பின.

வாசலில் கைகட்டி நின்ற மனைவி கேட்டாள்: "எங்க போகுது வண்டி? நானும் ஏறிக்கட்டுமா?"

"கிண்டல் பண்ணாத. இன்னும் கொஞ்சம் கனம் வேணும், அவ்வளவுதான்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நிக்கலேன்னா இந்த ரூம் என் தையலுக்கு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

வீட்டில் இருந்தது அந்த ஒரே ஒரு உபரி அறைதான். அவர் மணல் மூட்டை ஏற்றினார், மேசையைச் சுவரோடு முட்டவைத்தார். சுவரில் காரை பெயர்ந்ததுதான் மிச்சம்.

ஞாயிறு காலை, மச்சானும் அடுத்த வீட்டுக்காரரும் முக்கி முனகி அவளுடைய மிதி தையல் மெஷினைத் தூக்கிவந்து அறை நடுவில் வைத்துவிட்டுப் போனார்கள். கோபத்தில் அதை ஓரமாகத் தள்ளப் பார்த்தார் பிரேக். இம்மியும் அசையவில்லை. வார்ப்பிரும்புக் கால்கள், அடியில் ரப்பர் கட்டைகள். பூவேலை செய்த கால்கள் முழுக்க ஓட்டைகள்.

அவர் முகம் மலர்ந்தது. "ஏம்மா, அந்த ஸ்பேனரை எடு."

"என் மெஷின்மேல கை வச்சீங்க, தெரியும் சேதி!"

"ஒரு கீறல் விழாது. நம்பு."

மேசையை மெஷினை ஒட்டி நிறுத்தி, ஓட்டைகள் வழியே போல்ட் போட்டு முறுக்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழைப்புளியைத் தள்ளினார். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. மேசை மலைபோல் நின்றது.

"அப்ப ரூம் எனக்குத்தான்!" என்று துள்ளினார் பிரேக்.

"அப்ப மெஷினை எடுத்துட்டுப் போயிடறேன்" என்றாள் அவள், கழுத்தை வெட்டியபடி.

அவர் மணல் மூட்டையை வெளியே இழுத்துப்போட்டு அவளுக்கு இடம் விட்டார்.

இப்போது அறை இருவருக்கும். அவர் இழைத்தால் அவள் தையல் பாம்பாய் வளைகிறது. அதனால் கண்டக்டர் அதிகாரம் அவள் கையில்.

"ஹோல்டான்! ஊசியில நூல் கோக்கணும்."

இழைப்புளி பாதியில் நிற்கிறது. கூடவே அவருடைய வலது கால், பழக்கதோஷத்தில், தரையை அழுத்துகிறது.

"ம்... ரைட், போலாம்!"