இசபெல் கட்டிய பூச்செண்டு

என் ஓரகத்தி இசபெல்லைப் பற்றி யாரிடம் கேட்டாலும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். எனக்கு வயிற்றெரிச்சலே அதில்தான் தொடங்கியது. என் கொழுந்தன் ஞானரட்ணத்தைக் கட்டிக்கொண்டு அக்கரப்பத்தனையிலிருந்து எங்கள் வட்டவளைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவள் அவள். நான் மழையில் நனைந்து மலையேறிக் கொழுந்து பறித்தேன். அவளுக்கோ வந்த வருஷமே துரை பங்களாவில் ஆயா வேலை. துரைசாணி ஜாடியில் பூ வைப்பதைப் பார்த்துப் பார்த்தே கல்யாணப் பூச்செண்டு கட்டப் பழகிக்கொண்டாள். அப்புறம் கேட்கவா வேண்டும்? சுற்றுவட்டத்தில் எந்த வேதக்காரர் வீட்டுக் கல்யாணமென்றாலும் பெண்ணின் கையில் இருப்பது இசபெல் கட்டிய செண்டுதான்.

பூவைப் பார்க்கும் முன்னால் பெண்ணைப் பார்ப்பாள். குட்டைப் பெண்ணென்றால் சின்ன ரோசாவாகப் பொறுக்கி, கைக்கு அடக்கமாகக் கட்டுவாள். உயரமானவளென்றால் நீளக் காம்போடு கீழே தொங்கவிடுவாள். எந்தச் சேலைக்கு எந்த நிறம் எடுக்கும் என்று பெண்ணின் தாயிடமே தைரியமாகச் சொல்வாள். இத்தனைக்கும் ஒரு சதம் கூலி வாங்க மாட்டாள். வாங்கித் தொலைத்திருந்தால் குறை சொல்ல எனக்கு ஒரு வழியாவது இருந்திருக்கும்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. நான் மலையைவிட்டு இறங்கி வருவதற்குள் பங்களாவிலிருந்து வந்து, என் மகள் பிலோமினாவுக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, மடியில் போட்டுக்கொண்டிருப்பாள். நான் கூப்பிட்டால் பிள்ளை 'இரும்மா' என்று சொல்லிவிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? பற்றி எரியும். எனக்குப் பதினெட்டு வருஷம் எரிந்தது.

ஐம்பத்தேழாம் வருஷம் பிலோமினாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. திங்கட்கிழமை காலையில் அட்டன் மாதா கோயிலில் பூசை. உனக்கு என்ன பூ பிடிக்கும் என்று ஆசையாகத்தான் கேட்டேன்.

"சின்னம்மா என்ன பூ சொல்றாங்களோ அதாம்மா" என்றாள்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. செண்டை நான்தான் கட்டுவேன், இசபெல்லின் விரல் ஒரு பூவில்கூடப் படக்கூடாது என்றேன். மகள் இரண்டு நாள் அழுதாள். பிறகு, நீயே கட்டும்மா என்றாள். இசபெல்லிடமும் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "சரிங்கக்கா" என்று போய்விட்டாள். ஒரு சண்டை போட்டிருந்தால் என் மனசு ஆறியிருக்கும்.

பங்களாப் பூ எனக்கு வேண்டாம். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டம்மாவைக் கெஞ்சி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை ரோசாவும் தட்டளவு டேலியாவும் வெட்டி இரண்டு வாளி நிறையக் கொண்டுவந்தேன். எங்கே வைப்பது? லயத்து வீட்டு வரிசையில் அவள் காம்பரா என் அறைக்கு அடுத்தது. பார்த்தால் அக்கா இது வேண்டாம், அது வேண்டாம் என்று ஆரம்பித்துவிடுவாள். என் வீட்டுக்காரர் சூசைரட்ணத்துக்கு ஆலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. ஞாயிறு ஆலைக்கு லீவு. மாடி குளுகுளுவென்று காலியாகக் கிடக்கும். வாளிகளை அங்கே ஒளித்து வைத்துவிட்டு நிம்மதியாக முறுக்குச் சுட வந்துவிட்டேன்.

அந்த வாரம் கொழுந்து மண்டிக்கிடந்ததால், துரை ஞாயிறென்றும் பார்க்காமல் தோட்டத்தின் கீழ்ப்பகுதியான கீழ்க்கணக்கில் ஆள் போட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் கொழுந்தை மாடியில் பரப்பிக் காற்றாடியைப் போட்டுவிட்டார்கள். மழைநாளென்று அடுப்புச் சூட்டையும் சேர்த்து விட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரரும் லீவில் வீட்டோடு இருந்தார்; கல்யாண வீட்டுச் சந்தடியில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். கொழுந்து நன்றாக வாடியிருந்தது. பூவும்தான். இருபது வருஷம் கொழுந்து பறித்தவள், வாட்டுகிற இடத்திலேயே கொண்டுபோய்ப் பூவை வைத்திருக்கிறேன்! ஒன்பது மணிக்கு லொறி வந்துவிடும். மகள் வெறுங்கையோடு கோயிலுக்குள் நடக்க வேண்டும். இல்லையென்றால் நான் இசபெல் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும்.

போனேன். வாளிகளைப் பார்த்தவள் ஏனென்றுகூடக் கேட்கவில்லை. வெந்நீர் வைத்தாள். டேலியாவை ஒதுக்கிவிட்டு, ரோசாக் காம்புகளைச் சாய்வாக நறுக்கி அதில் நிறுத்தினாள். முக்கால் மணி நேரத்தில் பாதிப் பூ தலைநிமிர்ந்தது. லயத்துத் தண்ணீர் ஓடும் கானோரம் முளைத்திருந்த பெரணி இலையைப் பறித்துவந்து சேர்த்துக் கட்டினாள். அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றி வரவேண்டிய நேரத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

"நீங்களே கொண்டுபோய்க் குடுங்கக்கா. புள்ள ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கும்" என்று என் கையில் வைத்தாள்.

கொடுத்தேன். பிலோமினா செண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நீயாம்மா கட்டினாய் என்று கேட்டவள், பதிலுக்குக்கூடக் காத்திராமல் என்னைக் கட்டிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அப்படி அவள் என்னைக் கட்டிக்கொண்டதில்லை.

"சின்னம்மா கட்டியிருந்தாக்கூட இப்படி வந்திருக்காதும்மா."

இசபெல் பெண்ணின் முக்காட்டுத் துணியோடு வாசலில் நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஆமா புள்ள. எனக்கு இப்படி வராது" என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து பெண்ணுக்கு முக்காட்டைப் போட்டுவிட்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. மகள் இன்றுவரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.